ரயில் பார்க்க நல்ல இடம் பிடிப்பது எப்படி: வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரை

புதிதாக ரயில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். வளைந்த பாலம், பின்னால் மலை, நடுவில் ரயில். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த ரயில் நான்கு மணி நேரம் கழித்து என்று தெரிகிறது. அதுவும் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, முகம் இருண்டுபோய் வரும். பாதிப் பேர் அதற்குள் சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

இலங்கையில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் இதற்கு நல்ல உதாரணம். பாலம் எப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் அதைக் கடக்கும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நேரம் பார்க்காமல் போனால் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

அதனால் நான் வைத்துக்கொள்ளும் வரிசை வேறு. முதலில் ரயில், அடுத்து நேரம், அடுத்து வெளிச்சம், அதற்குப் பிறகுதான் இடம். ரயில் எப்போது வர வேண்டும், சூரியன் எங்கே நிற்க வேண்டும் என்று நம்மால் சொல்ல முடியாது. நாம் எங்கே நிற்பது என்பது மட்டும்தான் நம் கையில். மாற்ற முடிந்ததைக் கடைசியில் முடிவு செய்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அது வளைந்துகொடுக்கும்.

இரண்டு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: வெள்ளி இரவு வீட்டில் கணக்கு, சனி மாலை நேரில் சோதனை, ஞாயிறு காலை ரயில்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

நீங்கள் போகும் பாதையின் கால அட்டவணை வேண்டும். ஒரு ரயிலின் நேரம் மட்டும் போதாது, அந்தப் பாதையில் ஓடும் எல்லா ரயில்களின் நேரமும், நிலையங்களுக்கு இடையே உள்ள தூரமும் வேண்டும். கூடவே கட்டம் போட்ட தாள் ஒன்று, பென்சில், செயற்கைக்கோள் படம் காட்டும் வரைபடம்.

ஓப்பன்ரெயில்வேமேப் என்ற இணைய வரைபடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பாதையா இரட்டைப் பாதையா, மின்கம்பி உண்டா, வேக வரம்பு என்ன என்பதையெல்லாம் காட்டும். தன்னார்வலர்கள் நிரப்புவது என்பதால் சில பகுதிகளில் சிக்னல் கம்பம் வரை இருக்கும், சில பகுதிகளில் வெறும் கோடுதான் இருக்கும். சூரியன் எந்த நேரத்தில் எந்தத் திசையில் நிற்கும் என்று காட்ட சன்கால்க் போன்ற ஒரு தளமும் தேவைப்படும்.

வெளியே எடுத்துப்போக தண்ணீர், தொப்பி, மூடிய காலணி, கைக்கடிகாரம், சிறு நோட்டு. கைபேசி இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்பார்கள். ரயில் கடக்கும்போது கைபேசி படம் எடுத்துக்கொண்டிருக்கும். நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தனியாக ஒன்று வேண்டும்.

2. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எத்தனை ரயில் கடக்கும்? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கவனம் நிற்பதில்லை. புதியவர்களுக்கு அந்த நேரத்தில் ஆறு ரயிலாவது கிடைக்கும் பாதையைத்தான் நான் சொல்வேன். முதல் ரயிலைத் தவறவிட்டாலும் இரண்டாவது இருக்கிறது என்ற தெம்பு வேண்டும். ஒரே ஒரு ரயிலுக்காகக் காத்திருப்பதெல்லாம் பழகிய பிறகு.

இரண்டு முக்கியப் பாதைகள் சேரும் அல்லது குறுக்கிடும் இடத்துக்கு அருகே இந்த எண்ணிக்கை தானாகக் கூடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோஷெல் என்ற சிற்றூரில் இரண்டு பெரிய நிறுவனங்களின் முக்கியப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அங்கே ரயில் பார்ப்பதற்கென்றே கூரை போட்ட மேடையுடன் பூங்கா அமைத்திருக்கிறார்கள். மலையும் இல்லை, பாலமும் இல்லை. ரயில்கள் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். அதற்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

சரக்கு ரயில்கள் பொதுமக்களுக்கான அட்டவணையில் இருக்காது. அவற்றை வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. அட்டவணையில் 'ஞாயிறு தவிர', 'சனி மட்டும்' போன்ற குறிப்புகள் சிறிய எழுத்தில் இருக்கும். வேலை நாட்களில் மட்டும் ஓடும் ரயில்களை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிட்டு வந்து காத்திருந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல நாடுகளில் தண்டவாளப் பராமரிப்பு வேலையையும் வார இறுதியில்தான் வைப்பார்கள். பாதை மூடல் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று வெள்ளி இரவே பார்த்துவிடுங்கள்.

3. ரயில் உங்களைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

அட்டவணை நிலையங்களின் நேரத்தைத்தான் சொல்லும். நீங்கள் நிற்பது இரண்டு நிலையங்களுக்கு நடுவே. ஒரு ரயில் முதல் நிலையத்தை 7.12-க்கு விட்டு, 30 கிலோமீட்டர் தள்ளி உள்ள அடுத்த நிலையத்துக்கு 7.42-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நிமிடத்தில் 30 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஒன்று. நீங்கள் நிற்கப்போவது முதல் நிலையத்திலிருந்து 12-ஆவது கிலோமீட்டர் என்றால் விடை 7.24.

இந்த விடையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நின்று கிளம்பும் ரயில் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அதனால் புறப்பட்ட நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே 7.25, 7.26 என்று எதிர்பார்க்கலாம். முதல் நிலையத்தில் நிற்காமல் வேகமாகக் கடந்து வரும் ரயிலுக்கு இந்தக் கூட்டல் வேண்டாம்.

கடைசி நிலையத்துக்கு முந்தைய பகுதியிலும் கவனம் தேவை. தாமதத்தை ஈடுகட்டுவதற்காகப் பல ரயில்களுக்கு அந்தப் பகுதியில் தேவைக்கு மேல் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். 20 நிமிடத் தூரத்துக்கு 40 நிமிடம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே பங்கிட்டால் ரயில் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு வெகு முன்னாலேயே போய்விடும். அதே பகுதியில் ஓடும் வேறு ரயில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

ஒரு ரயிலுக்கு இப்படிச் செய்யலாம். பத்து ரயிலுக்கு? அதற்குத்தான் கட்டம் போட்ட தாள்.

தாளின் அடியில் இடமிருந்து வலமாக நேரத்தைக் குறியுங்கள், ஒரு கட்டம் ஐந்து நிமிடம். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாகத் தூரத்தைக் குறித்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் தூரத்தில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. ஒரு திசையில் போகும் ரயில்கள் மேல்நோக்கிச் சாயும், எதிர்த்திசை ரயில்கள் கீழ்நோக்கிச் சாயும். வேகமான ரயிலின் கோடு செங்குத்தாக நிற்கும், நின்று நின்று போகும் ரயிலின் கோடு படிக்கட்டு மாதிரி இருக்கும்.

இப்போது நீங்கள் நிற்க நினைக்கும் கிலோமீட்டரில் சிவப்புப் பென்சிலால் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். சாய்ந்த கோடுகள் அதை வெட்டும் இடமெல்லாம் ஒரு ரயில் உங்களைக் கடக்கும் நேரம். சிவப்புக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் எந்தக் கிலோமீட்டரில் ரயில்கள் அடுத்தடுத்து வருகின்றன, எங்கே பெரிய இடைவெளி விழுகிறது என்று கண்ணுக்கே தெரியும். ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் இருப்பவர்கள் ரயில்களைப் பின்தொடர்வதும் இதே வகை வரைபடத்தில்தான். முதல் தடவை வரைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒற்றைப் பாதையாக இருந்தால் இந்தத் தாள் இன்னொரு உதவி செய்யும். எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். ஒன்று லூப் லைனில், அதாவது நிலையத்தில் உள்ள பக்கத் தண்டவாளத்தில், ஒதுங்கி நிற்கும், மற்றது கடந்து போகும். தாளில் இரண்டு கோடுகள் வெட்டும் நிலையம் அதுதான். அந்த நிலையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இடம் பிடித்தால், ஒரு ரயில் உங்களைக் கடந்து உள்ளே போகும்; சில நிமிடங்களில் அதற்காகக் காத்திருந்த எதிர் ரயில் கிளம்பி உங்களிடம் வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு ரயில். ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அட்டவணை நேரம் தாண்டிவிட்டது, ரயில் போயிருக்கும் என்று நினைத்து எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரயிலைத்தான் இழக்கிறார்கள்.

4. வெளிச்சம் எந்தப் பக்கம்?

ஒரு எளிய விதியில் தொடங்குங்கள்: சூரியனை நோக்கி வரும் ரயிலுக்குத்தான் முகத்தில் வெளிச்சம் விழும். கிழக்கு மேற்காகப் போகும் பாதையில், காலையில் கிழக்கே போகும் ரயில்களும் மாலையில் மேற்கே போகும் ரயில்களும் உங்களுக்கு வேண்டியவை. காலையில் மேற்கே போகும் ரயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் முகம் நிழலில்தான் இருக்கும். உங்கள் தாளில் அந்தக் கோடுகளை லேசாக அடித்துவிடுங்கள்.

வடக்கு தெற்காகப் போகும் பாதையில் கதை வேறு. காலையில் பாதையின் கிழக்குப் பக்கத்திலும் மாலையில் மேற்குப் பக்கத்திலும் நின்றால் ரயிலின் பக்கவாட்டு முழுவதும் ஒளியில் இருக்கும். இரண்டு திசை ரயில்களும் பயன்படும் என்பது இந்தப் பாதையின் வசதி.

கிழக்கு மேற்குப் பாதையில் தெற்குப் பக்கம் நிற்பதா வடக்குப் பக்கம் நிற்பதா? கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான் இருக்கும். அங்கே நடுப்பகல் வரை இருக்கப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் தெற்கில் நிற்கலாம். மகர ரேகைக்குத் தெற்கே இது தலைகீழ். இரண்டு ரேகைகளுக்கும் நடுவே உள்ள ஊர்களில் சூரியன் ஆண்டில் சில மாதம் வடக்காகவும் சில மாதம் தெற்காகவும் போகும். போன முறை நின்ற பக்கம் இந்த முறை சரியாக இருக்கும் என்று நம்பாமல், போகிற தேதியைப் போட்டுத் திசையைப் பாருங்கள்.

வெப்பமண்டல ஊர்களில் சூரியன் வேகமாக உச்சிக்கு ஏறிவிடும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சாய்ந்த வெயில் இருக்காது, என்ஜினின் கீழ்ப்பகுதி, சக்கரங்கள் எல்லாம் கறுப்பாகிவிடும். ரயில் பார்க்க விடியற்காலையில் எழுந்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான். மேகம் மூடிய நாளில் இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடலாம், எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

5. வரைபடத்தில் இடத்தைத் தேடுங்கள்

இப்போதுதான் இடம். பாதையின் எந்தப் பகுதி, எந்த நேரம், எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தை அந்தப் பகுதியில் மட்டும் பெரிதாக்கித் தண்டவாளத்தோடு மெல்ல நகருங்கள்.

முதலில் வளைவுகள். வளைவின் உட்பக்கம் நின்றால் என்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை விரிந்து தெரியும். வெளிப்பக்கம் நின்றால் என்ஜின் பெரிதாகத் தெரியும், பெட்டிகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரயில் வளைந்து திரும்புவதை முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெளிப்பக்கம் போய் நின்று ஏமாறுவது வழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அல்டூனா நகருக்கு அருகே 1854-இல் திறந்த குதிரைலாட வளைவில், பார்வையாளர் பூங்காவை வளைவின் உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். ரயில் உங்களைச் சுற்றிக்கொண்டே போகும்.

அடுத்தது ஏற்றம். மேடேறும் ரயில் மெதுவாக வரும், என்ஜின் முழு மூச்சில் உழைக்கும், சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 28 மீட்டர். 500 மீட்டர் நீளமுள்ள ரயில் 18 வினாடியில் உங்களைத் தாண்டிவிடும். அதே ரயில் ஏற்றத்தில் 30 கிலோமீட்டரில் வந்தால் ஒரு நிமிடம் கிடைக்கும். கலிபோர்னியாவின் டெஹாச்சபி மலைப்பாதையில் ஏற்றத்தைக் குறைப்பதற்காகத் தண்டவாளத்தை வட்டமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள சரக்கு ரயில் அங்கே தன் வாலுக்கு மேலேயே கடந்து போகும். பொதுச் சாலை ஓரத்திலிருந்தே இதைப் பார்க்கலாம்.

பிறகு உயரம். சாலை மேம்பாலம், நடைபாலம், பாதையைப் பார்த்த குன்றுச் சரிவு. ஐந்தாறு மீட்டர் உயரம் கிடைத்தாலே புதரும் வேலியும் கண்ணுக்குக் கீழே போய்விடும். சுவிட்சர்லாந்தில் பிலிசூர் அருகே உள்ள லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம், வளைந்து நேராகச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது பாதிதான் தெரியும். நிலையத்திலிருந்து நடைபாதையில் போய்ப் பார்வை மேடையில் நிற்பவருக்குத்தான் முழுக்காட்சி.

பாலங்களைப் பற்றி ஒரு சொல். பாலத்தின் மேல் நின்று ரயிலைப் பார்க்க முடியாது, பாலத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பாலத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி, ஆற்றங்கரையிலோ எதிர்ச் சரிவிலோ இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

6. அங்கே நிற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

வரைபடத்தில் கிடைத்த இடங்களில் பாதி இந்தக் கேள்வியில் விழுந்துவிடும். விழட்டும்.

நிற்கும் இடம் பொது இடமாக இருக்க வேண்டும், அல்லது நிலத்தின் சொந்தக்காரர் சம்மதித்த இடமாக இருக்க வேண்டும். வேலி இருந்தால் வேலிக்கு வெளியே. வேலி இல்லை என்பதால் உள்ளே போகலாம் என்று பொருள் கிடையாது, ரயில்வே நிலத்துக்கு எல்லை எங்கும் உண்டு. ஜல்லியும் அதை ஒட்டிய ஒற்றையடிப் பாதையும் ரயில்வே ஊழியர்களுக்கானவை. பல நாடுகளில் அதில் கால் வைப்பதே குற்றம்.

தண்டவாளத்தின் அகலத்தைப் பார்த்து ரயிலின் அகலத்தை அளப்பது பெரிய ஆபத்து. உலகில் பெருவாரியாக உள்ள பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,435 மில்லிமீட்டர்தான் இடைவெளி. பெட்டியோ சுமார் மூன்று மீட்டர் அகலம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு வரும். சரக்கு வண்டியில் அவிழ்ந்த பட்டையோ சங்கிலியோ இருந்தால் அதற்கும் வெளியே.

உங்களைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போட்டால் ரயில் நின்றுவிடும் என்பதும் நடக்காது. வேகமாக வரும் கனமான ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படும். அவர் உங்களைப் பார்க்கும்போது அந்தத் தூரம் மிச்சம் இருக்காது.

மின்கம்பி உள்ள பாதையில் பல நாடுகளில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவும். மேம்பாலத்தின் மேல் நின்று செல்பி குச்சி, முக்காலி, குடை எதையும் கைப்பிடிக்கு வெளியே நீட்டாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நிலைய நடைமேடையும் நல்ல இடம்தான், குறிப்பாக மழை நாளில். நுழைவுச்சீட்டு வேண்டுமா, படம் எடுக்கலாமா என்று அங்கே பணியில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பாலங்களையும் எல்லைப் பகுதிகளையும் படம் எடுக்கச் சில நாடுகளில் தடை உண்டு. அதையும் வெள்ளி இரவே பார்த்துவிடுங்கள்.

இந்தச் சல்லடைக்குப் பிறகு மூன்று இடமாவது கையில் இருக்க வேண்டும். ஒன்று முதல் தேர்வு, ஒன்று பாதையின் மறுபக்கத்தில், ஒன்று மழை வந்தால் ஒதுங்க.

7. சனி மாலை: நேரில் போய்ப் பாருங்கள்

செயற்கைக்கோள் படம் பழையதாக இருக்கும். அதில் வெறும் புல்லாகத் தெரிந்த இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு முள் மண்டியிருக்கலாம். புதிதாக இரும்புத் தடுப்போ ஒலித்தடுப்புச் சுவரோ வந்திருக்கலாம். மேலிருந்து எடுத்த படத்தில் மரத்தின் உயரம் தெரியாது.

மூன்று இடங்களுக்கும் சனி மாலையே போய், ஒவ்வொன்றிலும் கண்மட்டத்தில் நின்று பாதையை இரண்டு பக்கமும் பாருங்கள். மின்கம்பங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன? ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக இருக்கும், எதிர்ப்பக்கம் நின்றால் ரயிலுக்கும் உங்களுக்கும் நடுவே கம்பம் வராது. இரட்டைப் பாதையில் இரண்டு பக்கமும் இருக்கும், இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள வெளியைத் தேர்ந்தெடுத்து அங்கே நிற்க வேண்டும்.

இரட்டைப் பாதை என்றால் உங்கள் ரயில் எந்தத் தண்டவாளத்தில் வரும் என்பதையும் உறுதி செய்யுங்கள். இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் ரயில்கள் வழக்கமாக இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும், ஜெர்மனியில் வலப்பக்கம். இது ஏன் முக்கியம் என்று எனக்கு ஒரு பெண் மூலமாகத்தான் உறைத்தது. முதல் முறை வந்தவர், எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டிருந்தார். அவர் எதிர்பார்த்த ரயில் தூரத்துத் தண்டவாளத்தில் வளைவைத் திரும்பியது. அதே வினாடி அருகில் இருந்த தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது. மூடிய பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசிப் பெட்டி போனபோது அந்தப் பக்கம் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. சக்கரச் சத்தத்தை மட்டும்தான் அவர் கேட்டார். அன்றிலிருந்து முக்கியமான ரயில் வரும் தண்டவாளம் அருகில் இருக்கும் பக்கத்தையே முதல் தேர்வாக வைக்கிறேன். வெளிச்சம் அதற்கு ஒத்துவராவிட்டால் மேம்பாலத்துக்குப் போய்விடுவேன், மேலிருந்து இரண்டும் தெரியும்.

சனி மாலை ஒரு ரயிலாவது கடக்கும் வரை காத்திருங்கள். உங்கள் கணக்கு எத்தனை நிமிடம் தவறு என்று அப்போது தெரிந்துவிடும். நான்கு நிமிடம் முன்னால் வந்தது என்றால், ஏன் என்று யோசித்துத் தாளைத் திருத்துங்கள்.

அப்புறம், வண்டியை எங்கே நிறுத்துவது, இருட்டில் நடந்து வர வழி சரியாக இருக்கிறதா, கைபேசியில் சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் வீடு இருந்தால் நாளை காலை இங்கே நிற்கப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். விடியற்காலையில் முன்பின் தெரியாதவர்கள் நடமாடினால் யாருக்கும் பயம் வரும்.

8. ஞாயிறு காலை: உட்காருங்கள், கவனியுங்கள்

முதல் ரயிலுக்கு 40 நிமிடம் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். பத்து நிமிடம் நடக்க, பத்து நிமிடம் கண் பழக, மீதி நேரம் ரயில் முன்கூட்டி வந்தால் கையில் இருக்க.

உங்களுக்கு முந்தைய நிலையத்தை ரயில் எப்போது கடந்தது என்று கைபேசியில் பாருங்கள். எட்டு நிமிடத் தாமதம் என்றால் தாளில் உள்ள நேரத்தோடு எட்டைக் கூட்டுங்கள். மிகத் தொலைவில் உள்ள நிலையத்தின் தாமதத்தை நம்ப வேண்டாம், வழியில் ஈடுகட்டியிருப்பார்கள்.

சிக்னலைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். சில பாதைகளில் சிக்னல் வழக்கமாகச் சிவப்பில் இருந்து, ரயில் வரும்போது மட்டும் மாறும். அங்கே நிறம் மாறினால் எழுந்து தயாராகலாம். தானியங்கிச் சிக்னல் உள்ள பாதையில் இது நேர்மாறு. ரயில் இல்லாதபோது பச்சையாகவே இருக்கும், ரயில் கடந்த பிறகுதான் சிவப்பாகும். சனி மாலை ஒரு ரயிலின்போது கவனித்திருந்தால் உங்கள் பாதை எந்த வகை என்று தெரிந்திருக்கும். எப்படியிருந்தாலும் சிக்னலைப் பார்த்து 'இப்போது ரயில் வராது' என்று மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

காதை நம்புவதிலும் அளவு வேண்டும். டீசல் என்ஜின் தூரத்திலேயே கேட்கும். மின்சார ரயில் இறக்கத்தில் வரும்போது, காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி வீசினால், நூறு மீட்டர் வரை வந்த பிறகுதான் கேட்கும். அதற்கு முன்னால் மேலே உள்ள மின்கம்பி மெல்ல நடுங்கத் தொடங்கும். வெயில் சாய்வாக விழும் காலையில் பார்த்தால் அந்த நடுக்கம் கம்பியில் ஒரு ஒளிக்கீற்றாக ஓடி வரும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகம் எழும்பும், அப்புறம் தண்டவாளம் மெலிதாக இசைக்கும், அதற்குப் பிறகுதான் முகப்பு விளக்கு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தச் சில வினாடிகள் அலுக்கவில்லை.

ஓட்டுநருக்குக் கை காட்டலாம், பலர் பதிலுக்கு ஹாரன் அடிப்பார்கள். ஆனால் கையையோ துணியையோ வேகமாக வீசி ஆட்டாதீர்கள். எதையும் அப்படி ஆட்டினால் பல ரயில்வேக்களின் விதிப்படி அது 'ஆபத்து, நிறுத்து' என்ற சைகை. கையை உயர்த்தி அப்படியே வைத்திருந்தால் போதும். கேமராவின் பிளாஷ் அணைந்திருக்கிறதா என்று முதல் ரயிலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், விடியற்காலை இருட்டில் அது ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும்.

ரயில் கடந்த கையோடு இடம் மாறக் கிளம்பாதீர்கள். பின்னாலேயே இன்னொன்று வரலாம், மறுபக்கத் தண்டவாளத்திலும் வரலாம். கேட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டுமென்றால் கேட் திறந்த பிறகு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு.

9. திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

முதல் ரயிலிலேயே முழுக் கவனமும் கேமராவில் போய்விடுவது. முதல் ரயிலை வெறும் கண்ணால் பாருங்கள். எந்த இடத்தில் அது நன்றாகத் தெரிகிறது, எங்கே கம்பம் மறைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். இரண்டாவது ரயிலுக்குக் கேமராவை எடுக்கலாம்.

ஒரே காலையில் நான்கு இடங்களுக்கு ஓடுவது. இடம் மாறும் நேரத்தில்தான் ரயில் போகும். அதிகபட்சம் இரண்டு இடம் போதும், அதுவும் தாளில் முக்கால் மணி நேர இடைவெளி தெரிந்தால் மட்டும்.

ரயிலைத் துரத்தி வண்டி ஓட்டுவது. இதை நான் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. சாலையில் இருக்க வேண்டிய கண் தண்டவாளத்தில் இருக்கும்.

நீராவி என்ஜினுக்காகத் தொலைதூரம் போகிறவர்கள் பருவத்தைப் பார்க்காமல் போவதும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்னனில் 21 வளைவுகள் கொண்ட பாலம் ஆண்டு முழுவதும் இருக்கும், அதன் மேல் போகும் நீராவி ரயில் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை.

10. கிளம்பும் முன் நோட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வரி போதும்: கணக்கிட்ட நேரம், வந்த நேரம், எந்தத் தண்டவாளம், முகத்தில் வெயில் இருந்ததா. நின்ற இடத்திலிருந்து பாதையை இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் இல்லாமல். வேறு மாதத்தில் அதே இடத்துக்கு வர நினைக்கும்போது, மின்கம்பம் எங்கே, நிழல் எதுவரை வந்தது என்று பார்க்க அந்த வெற்றுப் படங்கள்தான் உதவும்.

வராத ரயிலையும் எழுதுங்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால் அட்டவணையில் அதன் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.